உங்கள் போனுக்குள் எத்தனை பயனர்கள்?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் லினக்ஸ் பயன்படுத்துறவர்தான். ஆண்ட்ராய்டின் அடித்தளமே லினக்ஸ் கெர்னல்.

உபுண்டு போட்ட கணினியில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால், அவர் பெயரிலேயே ஒரு குழுவும் தானாக உருவாகும். நிர்வாகி வேலை பார்க்க மட்டும் 'சுடோ' குழுவில் தனியாகச் சேர்க்கணும். நிறுவும்போது உருவாகும் முதல் பயனருக்கு அது தானாகவே கிடைத்துவிடும்.

போனில் ஆள் நீங்க ஒருத்தர்தானே? ஆனால் ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனி ஆளாகவே நடத்துகிறது. நிறுவியதும் அதற்கென ஒரு பயனர் எண் கொடுக்கும். அந்த எண்கள் 10000-இல் தொடங்கும். அதனால்தான் ஒரு விளையாட்டுச் செயலியால் உங்க வங்கிச் செயலியின் கோப்புகளைத் திறக்க முடிவதில்லை.

ஆனால் இணைய அனுமதி வேறு மாதிரி. அதைக் கோரும் செயலி 'ஐநெட்' என்ற 3003-ஆம் எண் குழுவில் சேர்ந்துவிடும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காது. கேமரா, தொடர்புகள், எஸ்எம்எஸ் போன்றவற்றுக்குத்தான் திரையில் கேள்வி வரும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை நிறுவி, எஸ்எம்எஸ்-க்கும் 'அனுமதி' அழுத்திட்டா, அது ஓடிபியைப் படிக்கும், வெளியேயும் அனுப்பும். வங்கிச் செயலியைத் தொடவே வேண்டியதில்லை.

அமைப்புகளில் அனுமதி மேலாளரைத் திறந்து, எஸ்எம்எஸ் பகுதியைப் பாருங்க. யுபிஐ செயலிக்கு அது தேவைப்படலாம். டார்ச் லைட் செயலிக்கு எதுக்கு? பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்க.