விவாகரத்தும் இல்லறப் பிணக்கும்

விவாகரத்து நாளுக்கு நாள் பெருகுகின்றது. ஆதலின் தம்பதிகளிடையே அன்பு குன்றிவிட்டது எனப் பெரியோர் பலர் இரங்கிக் கூறக் கேட்கின்றோம். முற்கூற்றை மெய்யென்றே கொள்வோம். பிற்கூற்று அதனின்றும் பெறப்படுமோ என்பதை, இந்தியக் கிறிஸ்தவர்க்குரிய சட்டத்தைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நம் சமுதாயத்தாரின் மணமுறிவுக்கு விதி வகுத்தது 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டமாகும். மனைவி ஒழுக்கம் வழுவினாள் என்பதொன்றையே நாட்டிக் கணவன் அதன்படி விடுதலை பெற முடிந்தது. மனைவிக்கோ அவ்வளவு போதவில்லை. கணவன் பிற மாதரை நாடினான் என்பதோடு, கொடுமை இழைத்தான் என்றேனும், ஈராண்டு தன்னைக் கைவிட்டான் என்றேனும் அவள் மெய்ப்பித்தல் வேண்டியிருந்தது. நாள்தோறும் அடியுண்ட ஒருத்தி, தன் கணவன் பிற மாதரை நாடாதவனாயின், நீதிமன்ற ஆணையால் அவனைப் பிரிந்து வாழ முடிந்ததேயன்றி மணத்தளையினின்று நீங்குதல் இயலவில்லை. மாவட்ட நீதிபதி விடுதலை அளிப்பினும் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தல் வேண்டியிருந்தது. இத்துணை அலைச்சலுக்குப் பொருளும் துணையும் எத்தனை பேர்க்கு இருந்தன? தமையன் வீட்டு அடுக்களையில் ஆயுள் கழித்த பெண்டிரை நம்முட் பலர் கண்டிருப்போம். அவர்களை எந்த நீதிமன்றக் கணக்கும் குறித்து வைக்கவில்லை.

இவ்வோரவஞ்சனையை இங்கிலாந்து 1923இல் நீக்கிற்று. இந்நாட்டில், கொடுமையோ கைவிடுதலோ தனித்தே போதும் எனக் கேரள உயர்நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2001இல்தான் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இருபாலார்க்கும் ஒரே நீதி வகுத்து, இருவரும் ஒப்பிப் பிரிதற்கும் இடந்தந்தது. இடையே கழிந்தவை 78 ஆண்டுகள்! அதன்பின் வழக்குகள் மிகுந்தமை வியப்பன்று. கதவு திறந்தபின் வெளிவந்தோரை எண்ணி, அவர்கள் அன்றுதான் உள்ளே துன்புறத் தொடங்கினர் என்பார் உளரோ? இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிய விவாகரத்துச் சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ 74,000ஆக இருந்த மணமுறிவுகள் மறு ஆண்டில் 1,19,000ஆயின. ஓராண்டிற்குள் ஆங்கிலேயரின் அன்பு அவ்வளவு வற்றிற்றெனக் கூறுதல் நகைப்பிற்கிடமாம்.

பிணக்கின் காரணங்களோ பெரும்பாலும் பழையனவே. மது, சீதனம், மாமியார் மருமகள் பூசல் ஆகியவற்றை யாவரும் அறிவர். மனைவியின் ஊதியம் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வழக்கொன்றே சற்றுப் புதியது. அவ்வூதியமே பொறுத்துக் கிடக்கவேண்டிய கட்டாயத்தையும் தளர்த்தியது. அற்பச் சினத்தால் பிரிவோரும் இலரல்லர். அவர் பொருட்டு வருந்துகின்றோம். ஆயினும், எமக்குப் பெரிதாகத் தோன்றுவது மணப்பேச்சின்போது நிகழும் மறைப்பே. பிள்ளை வீட்டார் கடனை மறைக்கின்றனர். பெண் வீட்டார் நோயை மறைக்கின்றனர். மகளுக்கு இம்மணத்தில் விருப்பமின்மையை அவளைப் பெற்றோரே மறைக்கின்றனர்.

இத்தகைய தடைகளை வெளிப்படுத்தற்பொருட்டன்றோ மூன்று ஞாயிறுகளில் சபை முன்னிலையில் விவாக அறிக்கை வாசிக்கப்படுகின்றது? தடை யாதேனும் உண்டோவெனப் போதகர் வினவுகின்றார். அவன் குடிப்பதை அறிந்த அயலாரும், அவள் அழுததை அறிந்த உறவினரும் அவ்வாலயத்தே அமர்ந்திருக்கின்றனர். எவரும் எழுந்திருப்பதில்லை.