கேல் கீரையும் நூல்கோலும்



சென்ற திங்கள் புனே நகரின் மகாத்மா புலே மண்டயிக்குக் காய் வாங்கச் சென்றிருந்தேன். "மாவ்ஷி, கேல் இருக்கிறதா?" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் கேட்டேன். அவ்வம்மையார் எதிர்க்கடையைச் சுட்டினார். அங்கே தொங்கியது வாழைத்தார்! மராட்டியில் 'கேள்' என்றால் வாழைப்பழம். பின்னர் ஒரு பெருங்கடையில் அக்கீரை கிடைத்தது. உறைமேல் ஆங்கில எழுத்தில் இருந்த பெயரை ஆய்வுக்கூடத் தோழர் 'காளே' என்று படித்தார். இவ்வூரில் அது பலருடைய குடும்பப் பெயர். கறுப்பு என்று பொருள்.

தமிழில் இதனைப் பரட்டைக்கீரை என்று எழுதுவோர் உண்டு. சுருண்ட இலையைப் பார்த்தவர்க்கு அப்பெயர் பொருத்தமாகவே தோன்றும். ஆயின் இது நமக்கு முற்றிலும் அயலான செடி அன்று. முட்டைக்கோசு, பூக்கோசு, புரோக்கோலி, நூல்கோல், கேல் ஆகிய யாவும் பிராசிகா ஒலரேசியா என்னும் ஒரே சிற்றினம், குரோமோசோம்கள் 18. உழவர் தலைமுறை தலைமுறையாக விதை தெரிந்தெடுத்ததால் ஒன்றில் நுனிமொட்டு உருண்டது, ஒன்றில் பூங்கொத்து தடித்தது, ஒன்றில் தண்டு பருத்தது. கேல் மட்டும் இலையாகவே நின்றுவிட்டது. காசுமீரத்தார் நாள்தோறும் உண்ணும் 'ஹாக்' இச்சிற்றினத்ததே. கென்யாவில் இவ்வகைக் கீரைக்குச் 'சுகுமா விக்கி' என்று பெயர்; சுவாகிலி மொழியில் 'வாரத்தைத் தள்ளு' என்பது பொருள். மாதக் கடைசியில் விடுதி மாணவர்க்கு இப்பெயரின் அருமை விளங்கும்.

பாலக்கீரையில் மிகுந்துள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணச்சத்தைப் பிணித்துவிடும். கேலில் அவ்வமிலம் குறைவு. நடுநரம்பை நீக்கிப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், சிறிது கசக்கும். வைட்டமின் கே மிகுதியாதலால், குருதி உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே உண்ணுக.

இனிப் பெயருக்கு வருவோம். இலத்தீனில் 'கௌலிஸ்' என்றால் தண்டு. அச்சொல்லே செருமானியத்திலும் டச்சிலும் 'கோல்' ஆயிற்று. ஆங்கிலத்திலும் 'கோல்' உண்டு. அதன் வடபுல வழக்கே 'கேல்'. போர்ச்சுகீசியரின் 'கோவ்' என்பதும் இதன் வழிவந்ததே. அதிலிருந்து பிறந்தது இலங்கைத் தமிழர் முட்டைக்கோசுக்கு வழங்கும் 'கோவா'. டச்சில் 'க்னோல்' என்றால் கிழங்கு. 'க்னோல்கோல்' என்றால் கிழங்குக்கோசு. அதுவே தமிழன் செவியில் நூல்கோல் ஆயிற்று. மராட்டியர் செவியில் நவல்கோல் ஆயிற்று. கேலைத் தேடி அலைந்த எனக்கு, அதன் பெயர் பல்லாண்டுகளாக என் அன்னையின் சாம்பாரிலேயே கிடந்தது தெரியாமற் போயிற்று.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டுச் சங்கக் கூட்டத்தில் நூல்கோல் தூய தமிழ்ச் சொல் என்றும், நூல்போன்ற நார் உடைய கோல் என்றும், மராட்டியர் நம்மிடம் கடன் கொண்டனர் என்றும் முழங்கினேன். கைதட்டல் பலமாக இருந்தது. விருந்தினராக வந்திருந்த மராட்டிய நண்பர், "சான்று உண்டா?" என்று மெல்லக் கேட்டார். நான் ஏளனமாக விடை கூறினேன். 'நவல்' என்றால் வியப்பு. வியப்பான காய் என்று தம் பாட்டி சொன்னதாக அவர் கூறியதற்கும் நகைத்தோம். அவர் பாட்டி செய்ததையே நானும் செய்தேன். வேறுபாடு, அவர் மேடை ஏறவில்லை.

இப்பொழுதும் ஆசை விடவில்லை. இலத்தீன் 'கௌலிஸ்' தண்டு. தமிழ்க் 'கோல்' கம்பு. இரண்டும் உறவு என்று சொல்லிவிட்டால் என்ன? வௌவாலுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இறகு உண்டு. அதனால் அவை உடன்பிறப்புகள் ஆகா. தேர்வில் இதனை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், சொல்லாராய்ச்சியில் மறந்தேன்.

நண்பரிடம் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். ஆயின் தவறு நடந்தது அவையில். அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச இடந்தருமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறேன். நண்பரும் வருவதாக இசைந்துள்ளார்.