நின்ற லாரிக்கு யார் பணம் தருவது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஓசூரிலிருந்து சென்னைத் துறைமுகம் முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். டீசல், டோல், டிரைவர் படி எல்லாம் கூட்டியும் கணக்கு இடிக்கிறதே, மீதிச் செலவு எங்கே போகிறது என்று கேட்டிருந்தாய். லாரி நின்ற இடங்களில் போகிறது. ஓடுகிற லாரிக்கு ஆகும் செலவு பில்லில் தெரியும். ஏதோ ஒரு கையெழுத்துக்காக நிற்கிற லாரியின் செலவு, ஹால்டிங், வட்டி, கிடங்கு வாடகை என்று வேறு வேறு தலைப்புகளில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஒரு கோடி ரூபாய் சரக்கு, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துப் பார். ஒரு நாள் நின்றால் வட்டி மட்டும் சுமார் 3,300 ரூபாய். இதுகூடத் தாங்கக்கூடியதுதான். நாளைக்கு நிற்குமா, நிற்காதா என்று தெரியாமல் இருப்பதுதான் தொழிலைத் தின்கிறது. அனுப்புகிறவர் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நாள் முன்னதாக லோடு ஏற்றுவார். வாங்குகிறவர் ஒரு வாரச் சரக்கைக் கூடுதலாக அடுக்கி வைப்பார். அந்த ஒரு வாரச் சரக்கில் முடங்கிய பணத்துக்கும் விலை உண்டு. கடைசியில் அது பொருளின் விலையில் ஏறும்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள். 2017 ஜூலை 1 வரை, கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச்சாவடி இருந்தது. லாரி வரிசை ஒரு தொல்லை என்றால், சி ஃபார்ம் இன்னொரு தொல்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் செய்த உதிரிபாகத்தைப் பெங்களூருக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அதற்கு மத்திய விற்பனை வரி. 2008 ஜூன் முதல் 2 சதவீதம். அந்தச் சலுகை விகிதம் வேண்டுமென்றால் வாங்குகிறவர் தன் மாநில வரி அலுவலகத்தில் சி ஃபார்ம் வாங்கி அனுப்ப வேண்டும். ஃபார்ம் வராவிட்டால் விற்றவர் தலையில் கூடுதல் வரி. வந்தாலும், கட்டிய 2 சதவீதத்தை வாங்கியவர் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதனால்தான் நாடு முழுக்கக் கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு டெப்போ வைத்து, விற்பனை என்று காட்டாமல் கிளை மாற்றமாகச் சரக்கை நகர்த்தின. கிடங்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை வாடிக்கையாளரும் சாலையும் தீர்மானிக்கவில்லை. வரிச் சட்டம் தீர்மானித்தது.

ஜிஎஸ்டி வந்ததும் அந்தச் சாவடி போனது, ஃபார்மும் பெரும்பாலான சரக்குகளுக்குப் போனது. இதை நல்ல காரியம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் காகிதம் முழுக்கப் போய்விடவில்லை, கணினிக்குக் குடிபெயர்ந்தது. 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்ட இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு வேண்டும். ஆரம்பத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி பழுதாகி வேறு வண்டிக்கு மாற்றினால் பில்லில் வண்டி எண்ணைத் திருத்த வேண்டும். கெடு முடியும் நேரத்தை ஒட்டிய எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்க வேண்டும். தவறினால் வண்டியை நிறுத்திவைக்கலாம். போக்குவரத்துத் துறையின் சாவடியோ 2017க்குப் பிறகும் ஜூஜூவாடியில் இருந்தது. லஞ்ச ஒழிப்புத் துறை அங்கே சோதனை போட்டுக் கணக்கில் வராத பணம் எடுத்த செய்திகளை நீயும் படித்திருப்பாய்.

ஏற்றுமதியிலும் இதே கதைதான். முன்பெல்லாம் கன்டெய்னரை ஆலையிலேயே நிரப்பிச் சீல் வைக்க கலால் அதிகாரி வந்து நிற்க வேண்டும். அவருக்கு எப்போது ஒழிகிறதோ அப்போதுதான் லாரி கிளம்பும். 2017-இல் ஏற்றுமதியாளரே மின்னணு முத்திரை வைத்துக்கொள்ளும் முறை வந்தது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். அதை முழுமையாக அமல்படுத்தினால் உலக நாடுகளின் வர்த்தகச் செலவு சராசரியாக 14.3 சதவீதம் குறையும் என்பது அந்த அமைப்பின் 2015 மதிப்பீடு. மதிப்பீடுதான், ஆனால் வெறும் நடைமுறையில் இவ்வளவு பணம் கிடக்கிறது என்பதைக் கவனி.

எல்லாக் காகிதமும் வீண் என்று நினைத்துவிடாதே. பிப்ரவரி 14-க்கு ஓசூர் ரோஜா வெளிநாடு போக வேண்டுமானால், பூச்சி, நோய் இல்லை என்று தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் அந்த நாடு பூவை இறக்கவே விடாது. சான்றிதழ் கேட்பதில் தவறில்லை, அது எப்போது கைக்கு வரும் என்று தெரியாமல் இருப்பதே தவறு. உதிரிபாகம் ஒரு நாள் தாங்கும், ரோஜா தாங்காது.

அந்த ரோஜா விமானம் ஏறுவது பெரும்பாலும் பெங்களூரு தேவனஹள்ளியில். அந்த நகரத்தின் நெரிசலைக் கடந்துதான் போக வேண்டும். ஓசூரிலேயே ஏன் விமான நிலையம் இல்லை? பெங்களூரு விமான நிலையத்துக்காக 2004-இல் மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் மைசூரு, ஹாசன் தவிர வேறு புதிய விமான நிலையத்துக்கு இடம் கொடுப்பதில்லை என்று ஒரு ஷரத்து இருக்கிறது. அந்த நிலையம் திறந்த 2008-இலிருந்து 25 ஆண்டுகளுக்கு அது செல்லும். அதாவது 2033 வரை. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று தமிழக முதல்வர் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தபோதும் அந்த ஷரத்து அப்படியேதான் இருந்தது. டெல்லியில் எழுதிய ஒரு பத்தி, இருபது ஆண்டு கழித்தும் ஓசூர் பக்கத்துத் தேன்கனிக்கோட்டைப் பூ விவசாயியின் வேன் வாடகையைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

உன் கல்லூரி ப்ராஜெக்டுக்கு ஒரு யோசனை. சிப்காட்டில் எந்த ஆலைக்குப் போனாலும் முதலாளியைத் தேடாதே, டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார். ஒரு மாத லோடுகளுக்கு, லாரி கிளம்பத் தயாரான நேரம், உண்மையில் கிளம்பிய நேரம், துறைமுகத்தில் கேட் கடந்த நேரம், நடுவில் எந்தக் காகிதத்துக்காக எத்தனை மணி நேரம் நின்றது என்று நாலு கட்டம் போட்டு எழுது. முதல் மூன்றும் அவர்களிடம் இருக்கும். நாலாவதை டிரைவர்களிடம்தான் கேட்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்துக் கேள்.

அன்புடன்,
உன் மாமா