கவலை வேறு, மனச்சோர்வு வேறு

நபி (ஸல்) அவர்கள் தம் துஆவில் ‘ஹம்மு’, ‘ஹஸன்’ இரண்டிலிருந்தும் பாதுகாப்புத் தேடினார்கள். முன்னது வரப்போவதைப் பற்றிய கவலை, பின்னது நடந்ததைப் பற்றிய துக்கம் என்பர் உலமாக்கள்.

மருத்துவத்திலும் பதற்ற நோய் வேறு, மனச்சோர்வு வேறு. பதற்றத்தில் ‘என்ன ஆகுமோ’ என்ற பயம் ஓயாது, நெஞ்சு படபடக்கும். மனச்சோர்வில் எதிலும் நாட்டமிராது. பசியும் தூக்கமும் மாறும். ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்று தோன்றும். இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

‘ஈமான் குறைவு’ என்று பழிக்காதீர்கள். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போயின. தொழுகையும் துஆவும் தொடரட்டும், சிகிச்சையும் நடக்கட்டும். சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.