நூலும் நண்பரும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மாணவர் உள்ளம் மகிழ்ச்சியால் துள்ளும். தேர்வு முடிந்தது, பள்ளி மணியோசைக்கு அஞ்சி விரைய வேண்டுவதில்லை. வெயில் ஏறுமுன் விளையாடலாம். வெயில் தணிந்தபின் குளத்தில் நீந்தலாம். ஆனால், கதிரவன் கொளுத்தும் நண்பகற் பொழுதை எவ்வாறு கழிப்பது? திண்ணை நிழலும் கையில் ஒரு நல்ல நூலும் இருப்பின், அப்பொழுது போவதே தெரியாது. பகலில் படித்ததை மாலையில் ஆற்று மணலில் அமர்ந்து நண்பரோடு பேசுவதோ அதனினும் இனியது. பிற பொருள்களைப் பகிர்ந்தால் நம் பங்கு குறையும். படித்ததைப் பகிர்ந்தால் நம் பங்கு பெருகும். கல்வியைப் பற்றி ஓர் அதிகாரம் பாடிய திருவள்ளுவர், கேள்வியைப் பற்றியும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை இங்கு எண்ணத்தக்கது. நாமே கற்பது ஒரு வழி; கற்றவர் சொல்லக் கேட்பது மற்றொரு வழி.

நண்பர் ஒருவர், ‘இந்நூலைப் படித்திருக்கிறீரா?’ என்று கேட்கும் ஒரு கேள்விக்கு எவ்வளவு ஆற்றல் உண்டு என்பதைத் தமிழ்நாட்டு வரலாறே காட்டுகிறது. 1880-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் பெரியவர் அந்நகருக்கு முன்சீபாக வந்தார். அவரைக் காணச் சென்ற ஐயர், தாம் கற்றிருந்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ் நூல்கள், உலாக்கள், புராணங்கள் ஆகியவற்றின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றிற்கு முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணியைக் குறித்துக் கேட்டார். ஐயர் அதனை முன்பு கற்றதில்லை.

பெரும்புலவரிடம் பல ஆண்டு பாடங்கேட்டவர்க்கு அக்கேள்வி எத்துணை வருத்தம் தந்திருக்கும்! எனினும் அவர் முகஞ்சுளித்து ஒதுங்கிவிடவில்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். ஐயர் அதனைப் பெற்றுக் கற்கத் தொடங்கினார். அது சமண சமயக் காப்பியம் ஆதலின், விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். ஏழாண்டு கழித்து, 1887-இல், சீவக சிந்தாமணி அவருடைய பதிப்பாக அச்சேறியது. பின்னர்ப் பத்துப்பாட்டும், சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையால் வெளிவந்தன. நூலறிந்த ஒருவர் தம் கருத்தை மறைக்காமல் உரைத்தார். கேட்டவர் மனந்தளராமல் ஏற்றார். அதனால் விளைந்த நன்மை தமிழுலகம் முழுவதற்கும் உரியதாயிற்று.

மேலைநாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1816-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து இரவு ஒன்றில், இலண்டன் நகரில், கீட்ஸ் என்னும் இளைஞரும் அவர் நண்பர் கிளார்க்கும் ஒரு நூலைச் சேர்ந்து படித்தனர். கிரேக்கப் பெருங்கவிஞர் ஹோமரின் காப்பியத்தைச் சாப்மன் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்த நூல் அது. அதுவும் கிளார்க் பிறரிடம் இரவலாகப் பெற்ற நூலே. தமக்குப் பிடித்த பகுதிகளை ஒருவர்க்கொருவர் காட்டி மகிழ்ந்தபடி இருவரும் விடியும் வரை படித்தனர். கீட்ஸ் தம் இருப்பிடம் சென்றார். அன்று காலை பத்து மணிக்குள் கிளார்க்கின் மேசைக்கு ஒரு கவிதை வந்து சேர்ந்தது. அந்நூலைப் படித்த வியப்பைப் பாடிய அக்கவிதை, ஆங்கில இலக்கியத்தில் இன்றும் புகழுடன் விளங்குகிறது.

நூலைப் பற்றி நண்பரிடம் கருத்துரைப்பது எளிதன்றோ என்று நீங்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை அது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒருவர்க்கு ஒரு நூல்தான் கொடுப்பர். பதினான்கு நாளில் திருப்பித் தருதல் வேண்டும். பருத்த நாவல் ஒன்றை எடுத்துவந்த நான், முதல் இருபது பக்கங்களைப் படித்துவிட்டு விளையாட்டில் ஈடுபட்டு அதனை மறந்தேன். ஆயினும் மாலைக் கூட்டத்தில், “இதனைப் போன்ற நூலை நான் படித்ததே இல்லை” என்று பெருமையாகச் சொன்னேன். படித்து முடித்தவன்போல் தோன்ற வேண்டும் என்பதே என் எண்ணம்.

அடுத்த ஊரிலிருந்து மூன்று கல் நடந்து நூலகத்திற்கு வரும் நண்பன் ஒருவன் என் சொல்லை நம்பி அந்நூலை எடுத்துச் சென்றான். பதினான்கு நாள் கழித்து வந்தவன், “இருபது பக்கத்திற்குப் பின் கதை நகரவே இல்லையே! எஞ்சிய முந்நூறு பக்கத்தை நீ எவ்வாறு பொறுமையாகப் படித்தாய்?” என்று உண்மையாகவே வியந்து கேட்டான். நான் தலைகுனிந்தேன். இனியும் பொய்யுரைக்க மனம் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். அவன் சினக்கவில்லை. “இருபது பக்கம் படித்தேன், அதுவரை நன்றாக இருந்தது என்று நீ சொல்லியிருந்தால் போதுமே. என் தங்கை வேறொரு கதைநூல் கேட்டாள். உன் பேச்சைக் கேட்டு, அதனை விட்டு இதனை எடுத்துச் சென்றேன்” என்றான். அச்சிறுமி இரண்டு வாரம் காத்திருந்து ஏமாந்தது என் வீண் பெருமையால் அன்றோ? அன்று நான் அடைந்த நாணம் இன்றும் மறக்கவில்லை.

அன்று முதல் நாங்கள் ஒரு முறையை மேற்கொண்டோம். நூலைப் பற்றிப் பேசுபவன் மூன்றைச் சொல்லுதல் வேண்டும்: எவ்வளவு படித்தேன், எது பிடித்தது, எது பிடிக்கவில்லை. இறுதி இரண்டிற்கும் காரணம் கூறுதல் வேண்டும். ‘நன்று’, ‘நன்றன்று’ என்று மட்டும் சொல்வது கருத்தாகாது. கதையின் முடிவை வெளியிடுதலும் ஆகாது. பிறர் அடைய வேண்டிய வியப்பை நாம் பறித்தல் முறையன்று.

எங்களுக்குள் கருத்து வேறுபாடும் எழுவதுண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து, பின்னர் ஐந்து பாகங்களாக நூல் வடிவு பெற்றது. அதனைப் படித்தபோது, நந்தினி பழிக்கத்தக்கவள் என்றான் ஒருவன். இரங்கத்தக்கவள் என்றான் மற்றொருவன். குரல் உயர்ந்தது. அப்போது மூத்த மாணவர் ஒருவர், “வீணே சினப்பானேன்? நூலைத் திறந்து பாருங்கள்” என்றார். இருவரும் தத்தம் கருத்திற்குச் சான்றான பகுதிகளைத் தேடினர். முன்பு விரைந்து புரட்டிய பக்கங்கள் இப்போது புதியனவாகத் தோன்றின. இறுதியில் இருவரும் தம் கருத்தை முற்றிலும் மாற்றிக்கொள்ளவில்லை. எனினும் ஒருவன் கண்டதை மற்றவனும் கண்டான். மாறுபட்ட கருத்தைப் பொறுமையாகக் கேட்பவனே ஒரு நூலை இருமுறை படித்த பயனைப் பெறுகிறான்.

நண்பரின் சுவை நம் சுவையிலிருந்து வேறுபட்டிருப்பதும் ஒரு நன்மையே. கதையன்றி வேறு நூலைத் தொடாத எனக்கு, ஏ. கே. செட்டியாரின் பயண நூல்களை ஒருவன் அறிமுகம் செய்தான், பெ. நா. அப்புசுவாமியின் அறிவியல் கட்டுரைகளை மற்றொருவன் தந்தான். நான் அவர்களுக்கு உ. வே. சாமிநாதையரின் தன்வரலாற்றைக் கொடுத்தேன். தனியே இருந்திருந்தால், நாங்கள் ஒவ்வொருவரும் ஒரே அலமாரியின் முன் நின்றுகொண்டிருப்போம்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கியவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகர் கிடைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதன் பயனாக ஊர்தோறும் நூலகங்கள் பெருகின. நூலகம் நூலை அலமாரியில் வைத்துக் காத்திருக்கிறது. அதனை உரியவர் கையில் சேர்ப்பதற்கு நண்பரின் மெய்யான சொல் துணை செய்கிறது.

மாணவர்களே! வரும் கோடையில் நீங்களும் நண்பர் நால்வராகச் சேருங்கள். ஒருவர் எடுக்கும் நூலை மற்றவர் எடுக்காதிருந்தால், நான்கு நூல்களை நால்வரும் மாறிமாறிப் படிக்கலாம். நூலகத்தின் நூலாயின், கெடு நாள் முடியுமுன் திருப்பித் தாருங்கள். இரவல் வாங்கிய நூலின் தாளை மடிக்காதீர்கள். அதில் கோடு இழுக்காதீர்கள். படித்தவரை மட்டும் சொல்லுங்கள். உணர்ந்ததை மட்டும் சொல்லுங்கள். உங்கள் சொல்லை நம்பி, வெயிலில் மூன்று கல் தொலைவு நடந்துவரும் நண்பன் ஒருவன் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.