விதைப்பந்துக்குள் அடங்காத மரங்கள்

ஆடி பிறந்தால் போதும், பள்ளிக்கூட மைதானங்களில் விதைப்பந்து உருட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். செம்மண், சாணம், நடுவில் ஒரு விதை. உருட்டிக் காயவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் வண்டியில் இருந்தபடியே வீசிவிட்டு வந்தால் காடு வளர்த்த திருப்தி. பிள்ளைகள் கையில் மண் ஒட்டுவதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆனைமலையையும் அகத்தியமலையையும் இப்படியே பச்சையாக்கிவிடலாம் என்று மேடையில் பேசும்போதுதான் எழுந்து நின்று மறுக்கத் தோன்றுகிறது.

சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். புளியங்கொட்டையை ஒரு வருடம் டப்பாவில் போட்டுவைத்து நட்டாலும் முளைக்கும். பலாக்கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து நட்டுப் பாருங்கள், முளைக்காது. குழம்புக்குத்தான் ஆகும். மாங்கொட்டையும் நாவல்கொட்டையும் அதே ரகம். நெல், புளி, வாகை இவற்றின் விதைகளுக்குக் காய்ந்து உறங்கத் தெரியும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு அந்த உறக்கமே கிடையாது. ஆண்டில் பாதிக்கு மேல் ஈரமாகவே கிடக்கும் தரையில் விழும் விதை எதற்காகக் காத்திருக்க வேண்டும்? விழுந்த சூட்டோடு முளைவிடும், ஈரம் போனால் செத்துவிடும். வெள்ளைக் குங்கிலிய மரத்தின் விதைக்கு ஆயுள் வாரக்கணக்குதான். பந்தைக் காயவைக்கும்போதே உள்ளே இருக்கும் உயிர் போய்விடுகிறது. மலையில் நாம் வீசுவது வெறும் மண்ணுருண்டை.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கை படித்தவர்களிடம் இருக்கிறது: "எல்லா விதையையும் விதைவங்கியில் சேர்த்துவிட்டால் மரம் அழிந்தாலும் பிறகு வளர்த்துக்கொள்ளலாம்." நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த விதைக்கிடங்கில் விதைகளை உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கிறார்கள். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் அது பொருந்தும். பலா ஜாதிக்கு உலர்த்தும் கட்டத்திலேயே கதை முடிந்துவிடும். உலக மர இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கிடங்குக்கு ஒத்துவராதவை என்று 2018இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது. அவற்றுக்கு உயிரோடு நிற்கும் மரமே வங்கி.

இதை வெள்ளைக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1876இல் ஹென்றி விக்ஹாம் அமேசானிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலேற்றினார். வாழையிலைக்குள் பொத்திவைத்தாலும் கடல் பயணத்தில் பெரும்பாலானவை வீணாகி, 2,700 அளவுக்கே முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வேர் அங்கேதான், நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் உட்பட.

ரப்பர் பேச்சு வந்ததால் "அரிய மரமா? ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் நட்டுவிடுவோம்" என்ற நம்பிக்கையையும் இங்கேயே பார்த்துவிடலாம். மோட்டார் கார் ஹென்றி ஃபோர்டு 1928இல் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாந்தியா என்று ஓர் ஊரையே கட்டி, ரப்பரை நெருக்கமாக நட்டார். ரப்பரின் சொந்த மண்தான் அது. அங்கேயே அதன் இலையைக் கருக்கும் பூஞ்சையும் இருந்தது. காட்டில் ஒரு ரப்பர் மரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வேறு மரங்கள் நின்றதால் நோய் தாவ வழியில்லாமல் இருந்தது. கிளையும் கிளையும் உரசும்படி நட்டதும் தோட்டமே மொட்டையானது. 1945இல் ஃபோர்டு நிறுவனம் எல்லாவற்றையும் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுப் போனது. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் செழிக்க முக்கியக் காரணம், அந்தப் பூஞ்சை இன்னும் கடல் கடந்து வரவில்லை என்பதே.

மழைக்காட்டில் ஓர் இனம் அரிதாக இருப்பது அதன் நலிவாலேயே என்று நினைத்துவிடக் கூடாது. அமேசானில் சுமார் 16,000 மர இனங்கள் இருக்கலாம் என்று 2013இல் மதிப்பிட்டார்கள். அவற்றில் 227 இனங்களே மொத்த மரங்களில் பாதி. மீதி எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். தாய்மரத்தின் அடியில் அந்த இனத்தையே தின்னும் பூச்சியும் பூஞ்சையும் காத்திருக்கும். எட்டிப் போய் விழும் விதைதான் பிழைக்கும் என்று 1970ஐ ஒட்டி ஜான்சன், கானல் என்ற இரு சூழலியலாளர்கள் தனித்தனியே சொன்னார்கள். எட்டிப் போக யார் தூக்கிச் செல்வது? ஆனைமலையில் கருங்குங்கிலியம், வெள்ளகில் போன்ற பெரிய விதைகளை இருவாச்சிப் பறவை விழுங்கிக் கொண்டுபோய்த் துப்புகிறது. நாட்டு மருந்துக் கடையில் கருங்குங்கிலியத்தைப் பொட்டலம் கட்டி வாங்குகிறோமே, அது ஒரு மழைக்காட்டு மரத்தின் பிசின். இருவாச்சி இல்லாத மலையில் அந்த மரம் இன்றைக்கு நன்றாகத்தான் நிற்கும், பேரன் மரம் மட்டும் இருக்காது.

வெடிபலா மரத்துக்கும் ஏறக்குறைய இதே நிலை, விதையில் இல்லை, பூவில். பேரில்தான் பலா, உறவு முறையில் துரியனுக்குப் பக்கம். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாற்றில் விற்குமே, அந்தத் துரியன். கோடையில் காட்டில் பழம் குறையும் காலத்தில் வெடிபலாவின் தடித்த கிளைகளிலேயே கொத்துக்கொத்தாகப் பூக்கும். சதைப்பற்றான அந்தப் பூவைத் தின்ன சோலைமந்தியும் மலையணிலும் வவ்வாலும் வரும். மகரந்தம் மாறுவதும் இப்படி வரும் விலங்குகளால்தான். களக்காடு முண்டந்துறையின் காக்காச்சியில் இதை உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். பசிக்குப் பூ கொடுக்கும் மரத்துக்குப் பத்து சில்வர் ஓக் ஈடாகுமா?

ஈடாகும் என்றுதான் "ஒன்றை வெட்டினால் பத்து நடு" கணக்கு நம்புகிறது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போனால் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அது தேயிலை. நடுநடுவே நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன். மேசோப்சிஸ் என்ற ஆப்பிரிக்க மரம் தோட்டத்தை விட்டு இறங்கிக் காட்டுத் துண்டுகளுக்குள் நுழைந்துவிட்டது. ரொபஸ்டா காப்பியும் மரநாயின் வயிறு வழியே உள்ளே போய் அடிக்காடு முழுக்க முளைத்துக்கிடக்கிறது. மரங்களின் எண்ணிக்கை மட்டும் கேட்பவருக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் தெரியும்.

"உலகுக்கே மூச்சுக்காற்று தருவது அமேசான்" என்பதை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அந்தக் காடு வெளியிடும் ஆக்சிஜனை ஏறக்குறைய அதே காட்டின் மூச்சும் மட்கலும் தின்று தீர்த்துவிடுகின்றன. அதைக் காக்க வேறு நியாயங்கள் ஏராளம்.

"மனிதன் விலகிக்கொண்டால் காடு தானே வந்துவிடும்" என்பது பாதி சரி. பக்கத்தில் பெரிய காடு இருந்து, பறவையும் விலங்கும் வந்துபோனால் வரும். உண்ணிச்செடியும் காப்பியும் மூடிய, தேயிலைக்கு நடுவே தீவாக நிற்கும் துண்டில் வராது, வந்தாலும் நம் காலத்தில் வராது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் 2000களின் தொடக்கத்திலிருந்து தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட துண்டுகளை மீட்டுவருகிறது. சாலையோரம் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி, காயவிடாமல் நாற்றங்காலுக்குக் கொண்டுபோய், நிழலில் வளர்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்களைக் கலந்து நடுகிறார்கள். களையெடுத்து நட்ட துண்டுகள் சும்மா விட்ட துண்டுகளைவிட நன்றாகத் தேறியதாக 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நாளில் லட்சம் கன்று என்ற சாதனைப் பட்டியலில் இந்த வேலைக்கு இடம் கிடைக்காது. விதை விழும் வாரத்தில் ஆள் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவு மெதுவான வேலை.

கடைசியாக ஒன்று: "அழியும் மரமெல்லாம் அடர்காட்டுக்குள்தான்." உலகின் ஏறத்தாழ 58,500 மர இனங்களில் 17,500 அழியும் ஆபத்தில் இருப்பதாக 2021இல் கணக்கெடுத்தார்கள். அப்படிப்பட்ட ஒன்றைத் தேட எப்போதும் மலையேற வேண்டியதில்லை. நம் இலுப்பைக்கு நெருங்கிய சொந்தம் மதுகா டிப்ளோஸ்டெமான். 1835இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் கைக்கு வந்த பிறகு 180 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2020இல் அது கொல்லம் மாவட்டத்தில் கோவிலை ஒட்டிய ஒரு காவில் நிற்பதாகச் செய்தி வந்தது. ஒற்றை மரம். அதைக் காத்தது வனத்துறை வேலியும் இல்லை, விதைவங்கியும் இல்லை. சாமி காட்டில் கத்தி வைக்கக் கூடாது என்ற பயம்தான்.

இலுப்பை விதையும் ஈரம் போனால் முளைக்காத ரகம்தான்.