அட்டை பையில் இருக்கிறது, பெயர் எங்கே இருக்கிறது?

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் 21 மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. மாநிலம் முழுக்கக் கணக்கிட்டால் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். சென்னையில் 43 சொச்சம். சென்னைக்காரனுக்கு அக்கறை கிடையாது என்று அன்று மாலையே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அக்கறைக் குறைவு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வீடு மாறிப் போனவர்களும் இறந்தவர்களும் பட்டியலில் அப்படியே இருந்தால் சதவீதம் தானாகவே இறங்கும். இன்னொரு கூட்டமும் உண்டு. காலையிலேயே குளித்து, அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாவடிக்கு வந்து, “போன எலெக்‌ஷனுக்குப் போட்டேனே சார்” என்று வாதாடிவிட்டுத் திரும்பும் கூட்டம். தவறான ஒரு நம்பிக்கைதான் அவர்கள் ஓட்டைத் தின்றது. அப்படிப்பட்ட நம்பிக்கைகளில் சிலவற்றை இங்கே பார்ப்போம்.

“ஓட்டர் ஐடி இருக்கிறதே, ஓட்டு உண்டு”

மற்ற எல்லா நம்பிக்கைகளுக்கும் தாய் இதுதான். நீங்கள் யார் என்பதற்கு அட்டை சாட்சி, அவ்வளவே. உங்களுக்கு ஓட்டு உண்டா என்பதை அந்த வார்டின் வாக்காளர் பட்டியல்தான் சொல்லும். சாவடிக்குள் முதல் மேசையில் இருப்பவர் பட்டியலைப் புரட்டி, வரிசை எண்ணையும் பெயரையும் உரக்கப் படிப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜெண்டுகள் தங்கள் கையிலுள்ள பட்டியலில் அதே எண்ணைத் தேடிக் கோடு போடுவார்கள். அங்கே உங்கள் பெயர் இல்லையென்றால், இருபது வருடத்துப் பழைய அட்டையை நீட்டினாலும் அந்த மேசையைத் தாண்ட முடியாது.

தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இதைக் கொஞ்சம் கடுமையாகவே உணர்த்தியது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், முகவரி மாறியவர்கள், இரண்டு இடங்களில் பெயர் இருந்தவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பெயர் போனாலும் அட்டை வீட்டு அலமாரியில்தான் இருக்கும். அதை யாரும் வந்து வாங்கிப் போவதில்லை. ஆகவே அட்டையைப் பார்த்து நிம்மதி அடையாமல் பட்டியலைப் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடலாம். 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

பெயர் பட்டியலில் இருந்து அட்டை தொலைந்துபோயிருந்தால் கவலையில்லை. ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, படம் ஒட்டிய வங்கிப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். ஆனால் நம் ஊரில் எல்லாக் கதவையும் திறக்கும் ரேஷன் கார்டு இந்தக் கதவைத் திறக்காது. பூத் சிலிப்பும் அப்படித்தான். அது வழிகாட்டும் சீட்டு. அடையாளச் சான்று ஆகாது.

“கார்ப்பரேஷன் எலெக்‌ஷன் அறிவிக்கட்டும், அப்புறம் பதியலாம்”

இங்கே இரண்டு ஆணையங்கள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். மாநகராட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். அரசமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்களுக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல்களுக்கென்று வந்த தனி அமைப்பு அது. ஆனால் மாநில ஆணையம் வீடு வீடாகப் போய்ப் புதிதாகப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வாங்கி, அதை வார்டு வார்டாகப் பிரித்துக்கொள்கிறது. ஆகவே கவுன்சிலர் தேர்தலுக்கென்று தனிப்பதிவு எதுவும் கிடையாது. சட்டமன்றப் பட்டியலில் பெயர் இருந்தால் இங்கும் இருக்கும், அங்கே இல்லையென்றால் இங்கும் இல்லை.

அதில் பெயர் சேர்க்கப் படிவம் 6. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 நிரம்பியிருக்க வேண்டும், தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முதல் தேதிகளும் கணக்கில் வருகின்றன. 17 வயது முடிந்ததுமே மனுவைக் கொடுத்து வைக்கலாம். கொடுத்த மறுநாளே பெயர் ஏறிவிடாது. ஆட்சேபம் இருந்தால் சொல்ல ஏழு நாள் அவகாசம் தரவேண்டும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து விசாரிக்க வேண்டும், பதிவு அலுவலர் உத்தரவு போட வேண்டும். 2022-இல் ஜனவரி 26 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. வாக்குப்பதிவுக்கு இடையே இருந்தது 24 நாள். வேட்புமனு பிப்ரவரி 4-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அறிவிப்பைக் கேட்டு எழுந்தவர்களுக்கு அந்த அவகாசம் எந்த மூலைக்கு?

அன்று வென்ற கவுன்சிலர்கள் 2022 மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். ஐந்தாண்டு என்றால் 2027 மார்ச்சில் முடிகிறது. குறித்த காலத்தில் தேர்தல் வருமா என்ற சந்தேகம் நியாயமானதுதான். 2016 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்த பிறகு, நகரங்கள் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அதிகாரிகள் கையில்தான் இருந்தன. எப்போது வந்தாலும் பட்டியல் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

“வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஓட்டு சொந்த ஊரில்தான்”

ஹவுஸ் ஓனர் கையெழுத்துப் போடமாட்டார் என்று பயந்தே பதியாமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். ஓனரின் சம்மதம் எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. சட்டம் கேட்பது, நீங்கள் வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மட்டுமே. ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே அங்கே குடியிருப்பவராக ஆகிவிட முடியாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டைவிடப் படுத்து எழும் வாடகை வீட்டுக்குத்தான் இங்கே மதிப்பு.

முகவரிக்கு ஆதார், பாஸ்புக், கேஸ் அல்லது மின்சார பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் ஒன்று. எதுவுமே இல்லையா? அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க வேண்டும். நடைபாதையில் தூங்குபவருக்கும் இதே வழிதான். அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று அலுவலர் இரவில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் ஊரிலா, விடுதி முகவரியிலா என்று தாமே முடிவு செய்யலாம்.

இரண்டிலும் வைத்துக்கொள்வதுதான் கூடாது. திருநெல்வேலியில் ஒன்று, வேளச்சேரியில் ஒன்று என்று வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. படிவத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்தச் சிக்கல் பெரும்பாலும் படிவக் குழப்பத்தில் பிறக்கிறது. வீடு மாறியவர் புதிதாகப் படிவம் 6 போடுகிறார், பழைய பெயர் அங்கேயே தங்கிவிடுகிறது. அவர் போட வேண்டியது படிவம் 8. முகவரி மாற்றம், திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி எனக் குறித்தல் என்று அதில் நான்கு வகை இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் பழைய அட்டை எண்ணோடே பெயர் இடம் மாறும்.

“மேயருக்குத்தானே ஓட்டுப் போடுகிறோம்?”

இந்தக் குழப்பத்துக்கு வாக்காளரைக் குறை சொல்ல முடியாது. 1996-இல் சென்னை மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் வென்றார். 2001-லும் நேரடி. 2006-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2011-இல் மறுபடி நேரடி, சைதை துரைசாமி மேயரானார். 2022-இல் மறுபடி மறைமுகம். மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடிப் பிரியாவை மேயராக்கினார்கள். எந்த ஆட்சிக்கு எது வசதியோ அப்படிச் சட்டம் புரண்டு படுத்திருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

ஆக 2022-இல் நகரத்து வாக்காளருக்கு இருந்தது ஒரே ஓட்டு, வார்டு கவுன்சிலருக்கு. கிராமத்திலிருந்து குடிவந்தவர்கள் இங்கேயும் நான்கு சீட்டு எதிர்பார்ப்பார்கள். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர் என்று வண்ண வண்ணமாக நான்கு வாக்கு ஊரகத்தில்தான். சென்னையில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள், 200 வார்டுகள். வார்டுக்குச் சராசரியாக 30,000 பேர். அதில் 43 சதவீதம் வந்தால் சுமார் 13,000 ஓட்டு, அதையும் பல வேட்பாளர்கள் பங்கு போடுவார்கள். நான்கு தெரு ஒன்றாகக் கிளம்பினால் முடிவையே மாற்றிவிடலாம் என்கிற தேர்தல் இது ஒன்றுதான்.

வாக்குப்பதிவு நாளுக்கென்றே சில நம்பிக்கைகள் உண்டு, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்துக்கே போய் நிற்கக் கூடாது. வார்டு எல்லை வேறு, ஒரே தெருவின் இரு பக்கமும் இரண்டு வார்டாக இருக்கலாம். சில இடங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சாவடி என்பதால் கணவனும் மனைவியும் ஒரே வரிசையில் நிற்க முடியாமலும் போகும். தாழ்த்தப்பட்டோருக்கோ பெண்களுக்கோ ஒதுக்கிய வார்டு என்றால் ஒதுக்கீடு வேட்பாளருக்கு மட்டுமே. ஓட்டு எல்லாருக்கும் உண்டு. 2022-இல் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் இல்லை. பக்கத்தில் கண்ணாடிக்குள் சீட்டு விழும் கருவியும் இல்லை. சீட்டு வரவில்லையே என்று பதற வேண்டியதில்லை, பீப் சத்தம் நீளமாகக் கேட்டால் ஓட்டு விழுந்துவிட்டது. நேரம் முடிந்ததும் வாசலை அடைப்பார்கள், ஆனால் அதற்குள் வரிசைக்கு வந்தவர்களை அனுப்பிவிடக் கூடாது. வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுத்துக்கொண்டு முன்னால் வருவார்கள்.

“என் ஓட்டை யாரோ போட்டுட்டான், இனி அவ்வளவுதான்”

‘சர்கார்’ படம் வந்த பிறகு 49பி என்ற எண் ஊருக்கே மனப்பாடம். அது சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான விதி. உள்ளாட்சிக்குத் தனி விதிகள், எண்ணைச் சொல்லி மிரட்டிப் பயனில்லை. ஆனால் வழி இங்கேயும் உண்டு. உங்கள் பெயரில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தால் வாசலில் நின்று கத்தாமல் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போய், ஆய்வுக்குரிய வாக்கு வேண்டும் என்று கேளுங்கள். அடையாளத்தைச் சரிபார்த்துவிட்டு இயந்திரத்துக்குப் பதிலாக வாக்குச்சீட்டு தருவார். முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறையில் போடுவார். உங்கள் பெயரும் தனிப் பட்டியலில் ஏறும். வழக்கமான எண்ணிக்கையில் அதைச் சேர்க்கமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தேர்தல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து, நீதிபதி கேட்டால்தான் அந்த உறை பிரிக்கப்படும்.